நாலாவது ஆசாமிக்குச் சம்பளம் பூஜ்யம்

பேஸ்பால் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மூன்று சமாசாரங்கள். ஒன்று, அமெரிக்கப் படங்களில் அடியாள் தோளில் சாத்தியிருக்கும் உருட்டுக்கட்டை. இரண்டு, வெயிலுக்கு நாம் மாட்டிக்கொள்கிற, முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி. மூன்று, 'இது நம்ம கிரிக்கெட்டைப் பார்த்துக் காப்பியடிச்சதுதானே ஸார்?' என்கிற கேள்வி. (மூன்றாவதை எந்த அமெரிக்கரிடமும் கேட்டுவிடாதீர்கள். பதில் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும்.)

இந்த வாரம் அந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆட்டக்காரர்களைப் பற்றியும்தான். ஜெயிக்கிற கல்லூரி டீமின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டு, கையில் ஒரு அட்டையோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்தக் கோச்சுகளைப் பற்றி. அதிலும் முக்கியமாக நாலாவது கோச்சைப் பற்றி. அவர் வரக் கொஞ்ச நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எப்போதுமே எல்லாமே லேட்டாகத்தான் வந்திருக்கிறது.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் கோச் என்பவர் பால்கனியில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருப்பார். விக்கெட் விழுந்தால் காமிரா அவர் முகத்தைக் காட்டும். அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. களத்தில் முடிவெடுப்பது கேப்டன். பேஸ்பாலில் கதை தலைகீழ். பந்து போடுகிறவனை எப்போது மாற்றுவது, ஓடுகிறவன் அடுத்த பேஸைத் 'திருட'லாமா, யார் எங்கே நிற்பது, எல்லா உத்தரவும் பெஞ்சிலிருந்துதான் போகும். கல்லூரி ஆட்டத்தில் ஒருபடி மேலே. பிட்ச்சர் அடுத்து போட வேண்டிய பந்து வேகமா, வளைவா, மெதுவா என்பதைக்கூடப் பல டீம்களில் கோச்தான் தீர்மானிக்கிறார். கோச் பெஞ்சிலிருந்து மூன்று நம்பரைக் கத்துவார். கேட்சர் மணிக்கட்டில் கட்டிய அட்டையில் அந்த நம்பருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பான். லாட்டரிக் கடையில் நிற்கிற மாதிரி இருக்கும். 2022 சீஸனிலிருந்து இதற்கு எலெக்ட்ரானிக் கருவிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. இங்கிருந்து சொன்னால் அங்கே போய்ச் சேரும். அங்கிருந்து பதில் பேச முடியாது. நம் ஆபீஸில் மேனேஜர் பேசுகிற இன்டர்காம் போல.

மூன்றாவது பேஸ் அருகே ஒரு கோச் நிற்பார். மூக்கைத் தொடுவார், காதைத் திருகுவார், தொப்பி, நெஞ்சு, பெல்ட், மறுபடி மூக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் எறும்புப் புற்றில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் போலத் தோன்றும். அத்தனை சைகையில் நிஜம் ஒன்றோ இரண்டோதான். பாக்கியெல்லாம் எதிரியைக் குழப்ப.

இன்னொரு வேடிக்கை. பேஸ்பாலில் கோச்சும் யூனிஃபார்ம் போட வேண்டும். ஃபுட்பால் கோச் கோட்டு சூட்டில் வரலாம். இங்கே அறுபது வயசு, லேசான தொந்தி, மூக்குக் கண்ணாடி எல்லாம் இருந்தாலும், பத்தொன்பது வயசுப் பையன் போட்டிருக்கும் அதே இறுக்கமான பேண்ட்தான், அதே பெல்ட்தான், முதுகில் நம்பர்தான். நம்ம சீஃப் எஞ்சினீயரை அப்படிக் கற்பனை செய்து பார்த்தேன். உடனே நிறுத்திவிட்டேன்.

*

ஜெயிப்பது என்று பேசினால் ராட் டீடோவில்தான் ஆரம்பிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸில் சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி. 1942-லிருந்து 1986 வரை அங்கே கோச். அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பாலின் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் 'காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்' போட்டி 1950-லிருந்து நெப்ராஸ்கா மாநிலம் ஒமஹா நகரத்தில் நடக்கிறது. ஆசாமி மொத்தம் 11 பட்டம் வாங்கினார். முதலாவது, 1948-ல், இன்னொருவரோடு சேர்ந்து. பாக்கிப் பத்தும் தனியாக. 1970-லிருந்து 1974 வரை வரிசையாக ஐந்து. ஐந்து வருஷமும் வேறு யாராவது ஜெயிக்கலாம் என்று நினைத்தவர்கள் வெறும் செலவு செய்து ஒமஹா வரை போய்விட்டு வந்தார்கள்.

1973-ல் ஒரு ஆட்டம். எதிரே மினசோட்டா யூனிவர்சிட்டி. பந்து போட்டவர் டேவ் வின்ஃபீல்ட், பிற்பாடு பெரிய பெரிய டீம்களில் ஆடிய ராட்சசன். கடைசி இன்னிங்ஸ், அதாவது ஒன்பதாவது ஆரம்பிக்கும்போது ஸ்கோர் 7-0. டீடோ பக்கம்தான் பூஜ்யம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டிய நேரம். அந்த ஒரே இன்னிங்ஸில் டீடோவின் பையன்கள் 8 ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தார்கள். பிறகு பட்டத்தையும்.

இந்த டீடோவுக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு ஒரு டாலர்.

எழுத்துப் பிழை இல்லை. ஒரு டாலர்தான். பெயருக்கு ஒரு சம்பளம். எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று கேட்பீர்கள். அவருக்குச் சொந்தமாக லாரி கம்பெனி இருந்தது. காலையில் லாரி, மத்தியானம் பேஸ்பால். இந்த லாரி விஷயத்தை மட்டும் மனசில் ஒரு ஓரமாக நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

அடுத்தது லூயிசியானா மாநிலம், பேட்டன் ரூஜ் நகரம். லூயிசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி, சுருக்கமாக எல்.எஸ்.யூ. 1984-ல் ஸ்கிப் பெர்ட்மேன் என்பவர் அங்கே ஹெட் கோச்சாக வந்தபோது அந்த டீமின் பேரில் ஒரு தேசியப் பட்டம்கூடக் கிடையாது. மனிதர் பெரிய ஆட்டக்காரராகப் புகழ் பெற்றவரும் அல்ல. மயாமி பீச்சில் ஹைஸ்கூல் கோச்சாக ஆரம்பித்து, பிறகு மயாமி யூனிவர்சிட்டியில் ரான் ஃப்ரேஸருக்குத் துணைக் கோச்சாக எட்டு சீஸன் ஓட்டியவர். அதாவது, வருஷக்கணக்கில் இரண்டாவது நாற்காலி.

வந்தவர் 1991, 1993, 1996, 1997, 2000 என்று ஐந்து பட்டம் வாங்கினார். அதில் 1996 ஜூன் 8-ஆம் தேதி ஃபைனல் பற்றி இன்றைக்கும் பேட்டன் ரூஜ் டீக்கடைகளில் (அங்கே காபிக்கடை) பேசுகிறார்கள். எதிரே யார்? அதே மயாமி. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், எல்.எஸ்.யூ. ஒரு ரன் பின்னால். இன்னொருவன் அவுட்டானால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வாரன் மாரிஸ் என்ற பையன் வந்தான். மணிக்கட்டு எலும்பு அடிபட்டு ஆபரேஷன் ஆகி, சீஸனில் பெரும் பகுதி வெளியே உட்கார்ந்திருந்தவன். அந்த வருஷம் அவன் ஒரு ஹோம் ரன்கூட அடித்திருக்கவில்லை. முதல் பந்து. அடித்தான். பந்து வலதுபக்க வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. 9-8. மயாமிப் பையன்கள் நின்ற இடத்திலேயே தரையில் குப்புற விழுந்து கிடந்தார்கள்.

பெர்ட்மேன் தன் பையன்களுக்கு ஒரு பாடம் சொல்வார். நீ ஒரு மலை உச்சியிலிருந்து கயிற்றில் தொங்குகிறாய். மேலே அந்தக் கயிற்றை யார் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுவாய்? உன் டீமில் உள்ள ஒவ்வொருவனும் அந்த மாதிரி ஆளாக இருக்க வேண்டும், கை கிழிந்தாலும் கயிற்றை விடக்கூடாது என்பது சாரம். 'கயிற்றைப் பிடி' என்பது அந்த டீமுக்கு மந்திரமாகவே ஆகிவிட்டது.

இந்தக் கயிறு நம்முடைய குருகுல சமாசாரம் மாதிரிதான் வளர்கிறது. மைக் பியான்கோ என்று ஒருவர். பெர்ட்மேனிடம் கேட்சராக ஆடினார். பிறகு 1993 முதல் 1997 வரை அவரிடமே துணைக் கோச். அப்புறம் தனியாகப் போய் 2001 சீஸனிலிருந்து மிஸிஸிப்பி யூனிவர்சிட்டியில் ஹெட் கோச். இருபது வருஷத்துக்கு மேல் பட்டம் இல்லாமல் ஓட்டினார். 2022-ல் தன் பிரிவில் முதல் 21 ஆட்டத்தில் 14 தோல்வி. 'ஆளை மாத்துங்கப்பா' என்று ஊரே பேசியது. 64 டீம் ஆடும் தேசியப் போட்டிக்கு, கமிட்டி தேர்ந்தெடுத்த டீம்களிலேயே கடைசியாகத் தொற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பஸ் கிளம்பின பிறகு ஓடி வந்து படியில் தொங்குகிற கேஸ். அந்த டீம் அந்த வருஷப் பட்டத்தையே வாங்கிவிட்டது. மாற்றச் சொன்னவர்கள் எல்லாம் 'நான் அப்பவே சொன்னேன்' என்றிருப்பார்கள். உலகம் முழுக்க அது ஒரே வசனம்தான்.

*

எல்.எஸ்.யூ.வின் அண்மைக் காலக் கதைக்கு வருவோம். 2022 சீஸனிலிருந்து ஹெட் கோச் ஜே ஜான்ஸன். அவர் பிட்ச்சிங் கோச்சாகக் கொண்டுவந்தவர் வெஸ் ஜான்ஸன். (உறவு இல்லை. அங்கே ஜான்ஸன் என்பது நம்மூர் முருகேசன் மாதிரி.) இந்த வெஸ் ஆரம்பத்தில் ஆர்கன்ஸாவில் ஹைஸ்கூல் கோச். படிப்படியாகக் கல்லூரிகள். அங்கிருந்து நேராக மினசோட்டா ட்வின்ஸ் என்கிற தொழில்முறை டீமுக்கு 2019-ல் பிட்ச்சிங் கோச் ஆனார். கல்லூரியிலிருந்து அந்த உயரத்துக்கு ஒரே தாவலில் போனவர்கள் அபூர்வம். அப்படிப் போனவர், 2022-ல் சீஸன் பாதியில், ட்வின்ஸ் தங்கள் பிரிவில் முதலிடத்தில் இருக்கும்போது, வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்கே திரும்பிவிட்டார். ஐ.ஏ.எஸ். ஆபீஸர் ராஜினாமா செய்துவிட்டுக் காலேஜ் வாத்தியாராகப் போன மாதிரி என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

அவர் கையில் வந்து சேர்ந்தவன் பால் ஸ்கீன்ஸ். விமானப்படை அகாடமியிலிருந்து மாறி வந்தவன். அங்கே பந்தும் போடுவான், கேட்சராகவும் நிற்பான், அடிக்கவும் அடிப்பான். இங்கே பந்து மட்டும். மணிக்கு 100 மைல், நம் கணக்கில் 160 கிலோமீட்டர். 2023 சீஸனில் 209 பேரை 'ஸ்ட்ரைக் அவுட்' செய்தான். 1989-ல் பென் மெக்டொனால்ட் வைத்திருந்த 202 என்ற அவர்கள் லீக் ரெக்கார்டு போயிற்று. அந்த ஜூலையில் தொழில்முறை டீம்கள் ஆள் எடுத்தபோது முதல் ஆள் ஸ்கீன்ஸ், இரண்டாவது ஆள் அதே எல்.எஸ்.யூ.வின் டிலன் க்ரூஸ். ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு இடமும் போனது அதுதான் முதல் தடவை. ஸ்கீன்ஸுக்குக் கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் 92 லட்சம் டாலர்.

ஆனால் கோச்சுகளின் அருமை தெரிந்தது அந்த ஃபைனலில்தான். எதிரே ஃப்ளாரிடா. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் 4-3, எல்.எஸ்.யூ. வெற்றி. இரண்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, தோல்வி. சாதாரணத் தோல்வியா? 24-4. ஃபைனலில் யாரும் அப்படி அடி வாங்கினதில்லை. இதைப் பார்த்துவிட்டு எந்த டீமும் மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்காது.

கோச்சுகள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். 20 ரன்னில் தோற்றாலும் ஒரு ரன்னில் தோற்றாலும் தோல்வி ஒன்றுதான். திங்கட்கிழமை ஸ்கோர் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். ஜூன் 26. முதல் இன்னிங்ஸிலேயே ஃப்ளாரிடா இரண்டு ரன் எடுத்தது. அதன்பின் எல்.எஸ்.யூ. அடித்த அடியில் 18-4. ஸ்கீன்ஸ் என்ற பிரம்மாஸ்திரத்தை வெளியே எடுக்கவே இல்லை. நாலு நாள் முன்னால்தான் எட்டு இன்னிங்ஸ் போட்டுக் கை ஓய்ந்திருந்தது. அந்தக் கைக்கு இன்னும் இருபது வருஷ வேலை பாக்கி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பெஞ்சில் இருந்தார்கள்.

இதில் ஒரு உபகதை. ஃபைனலுக்கு மூன்று வாரம் முன்பே வெஸ் ஜான்ஸனுக்கு ஜார்ஜியா யூனிவர்சிட்டியில் ஹெட் கோச் வேலை கிடைத்து, அறிவிப்பும் வந்துவிட்டது. நோட்டீஸ் பீரியடில் இருக்கிற ஆள் எப்படி வேலை செய்வான் என்று நமக்குத் தெரியும். காலை பதினொன்றுக்கு வருவான், கான்டீனில் விடைபெறுவான், மத்தியானம் மறுபடி விடைபெறுவான். இவர் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தார். கயிற்றைப் பிடித்தார் என்று சொல்லலாம்.

எல்லோரும் அப்படி இல்லை. 2024 ஃபைனலில் டென்னஸியிடம் தோற்றது டெக்ஸஸ் ஏ அண்ட் எம். தோற்ற ராத்திரி நிருபர் ஒருவர் அதன் ஹெட் கோச் ஜிம் ஷ்லாஸ்நாகிளிடம் 'வேறு வேலைக்குப் போகப் போவதாகச் சொல்கிறார்களே?' என்று கேட்க, அவர் மகா கோபமாக அந்த நிருபரைக் கடிந்துகொண்டார். மறுநாள் பரம வைரியான டெக்ஸஸ் யூனிவர்சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் என்ன நடந்ததோ, பொழுது மட்டும் விடிந்துவிட்டது. அவரோடு கிளம்பிய துணைக் கோச் மைக்கேல் எர்லி, சில நாளிலேயே யூ-டர்ன் போட்டுத் திரும்பி வந்து, பழைய இடத்திலேயே ஹெட் கோச் ஆனார். அந்த வருஷம் ஜெயித்த டென்னஸியின் ஹெட் கோச் டோனி விடெல்லோவை 2025 அக்டோபரில் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ ஜயன்ட்ஸ் மேனேஜராக எடுத்துக்கொண்டது. தொழில்முறை டீமில் ஒருநாள்கூட வேலை பார்க்காத கல்லூரிக் கோச் நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கல்லூரியிலேயே அவர் சம்பளம் வருஷத்துக்கு 30 லட்சம் டாலரைத் தொட்டிருந்தது.

டீடோவின் ஒரு டாலர் எங்கே, இந்த 30 லட்சம் எங்கே என்று நீங்கள் ஆச்சரியப்படுவது கேட்கிறது. இப்போது நாலாவது ஆசாமியைக் கூப்பிடலாம்.

*

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆட்டிவைக்கும் சங்கத்தின் பெயர் என்.சி.ஏ.ஏ. அதற்கு எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. உதாரணமாக ஒரு பேஸ்பால் டீமுக்கு ஸ்காலர்ஷிப் எத்தனை? 11.7. பத்தோ பன்னிரண்டோ இல்லை. பதினொன்று தசம் ஏழு. அதை 27 பையன்கள் வரை பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்காளிகள் சேர்ந்து பலாப்பழம் அறுக்கிற மாதிரி இது பல வருஷம் நடந்தது. கோர்ட் சமரசம் ஒன்றின்படி 2025-26 முதல்தான், அதில் சேர்ந்துகொண்ட கல்லூரிகளுக்கு, 34 பேர் கொண்ட டீம், வேண்டுமானால் 34 பேருக்கும் ஸ்காலர்ஷிப் என்று மாறியது.

கோச்சுக்கும் அப்படி ஒரு விதி. ஒரு ஹெட் கோச். சம்பளம் வாங்கும் துணைக் கோச் இரண்டு பேர். நாலாவதாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. 'கொடுக்க வேண்டியதில்லை' இல்லை, ஸார். கொடுக்கவே கூடாது. கொடுத்தால் குற்றம். மருத்துவ இன்ஷூரன்ஸும் கிடையாது. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் பல்வலி வந்தால் என்ன ஆகும் என்று அங்கே இருக்கும் உறவுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இவருக்குப் பெயர் 'வாலன்டியர் கோச்'. தொண்டர்!

தொண்டருக்கு என்ன வேலை? மற்ற மூவருக்கும் என்ன வேலையோ அதேதான். விடிகாலையில் வலை கட்டுவது, நூற்றுக்கணக்கில் பந்து அடித்துக்கொடுத்துப் பையன்களைப் பிடிக்கப் பழக்குவது, எதிரி டீமின் வீடியோவைப் பார்த்து ராத்திரி ஒரு மணிவரை குறிப்பெழுதுவது, பஸ்ஸில் எட்டு மணி நேரம் போய் முதல் பேஸ் அருகே நிற்பது. யூனிஃபார்ம் உண்டு. முதுகில் நம்பர் உண்டு. முதல் தேதி மட்டும் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்குக் கோடை விடுமுறையில் சின்னப் பசங்களுக்கு முகாம் நடத்துவார். சாயங்காலம் காசு வாங்கிக்கொண்டு தனியாகச் சொல்லிக்கொடுப்பார். கல்யாணமான தொண்டரென்றால், பெண்டாட்டி சம்பளத்தில் குடும்பம் ஓடும்.

ஒன்றிரண்டு டீம் இல்லை. முதல் டிவிஷனில் மட்டும் சுமார் 300 டீம். எங்கே பார்த்தாலும் இந்த நாலாவது ஆசாமி. லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்கும் பூஜ்யம் வாங்குகிறவருக்கும் நடுவே பெஞ்சில் இடைவெளி இரண்டடி.

என்.சி.ஏ.ஏ.வுக்கு இது புதிதும் இல்லை. 1992-ல் ஒரு விதியை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். துணைக் கோச்சுகளில் ஒரு ரகத்துக்கு வருஷம் 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று. கல்லூரிகளுக்குச் செலவு ஏறுகிறதாம், அதைக் குறைக்கவாம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஹெட் கோச் சம்பளத்தில் அல்லவா கை வைக்க வேண்டும்? எந்த ஆபீஸிலும் அப்படி நடந்ததாகச் சரித்திரம் இல்லை. முதலில் நிறுத்துவது பியூனுக்கு வாங்கும் டீயைத்தான். கோச்சுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆளுக்கு ஆள் போட்டி போட்டு வேலைக்கு எடுக்க வேண்டியவர்கள் கூடிப் பேசிச் சம்பளத்தை அமுக்குவது சட்டப்படி தப்பு என்று 1998-ல் தீர்ப்பு வந்தது. 1999-ல் 5.45 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அந்த நஷ்ட ஈட்டில் பேஸ்பால் கோச்சுகளுக்கும் பங்கு இருந்தது.

16,000 தப்பு என்றால் பூஜ்யம் மட்டும் எப்படிச் சரி? இந்தச் சின்னக் கேள்வியை யாராவது கோர்ட்டில் போய்க் கேட்க இன்னும் 23 வருஷம் ஆயிற்று. 2022 நவம்பரில் முன்னாள் தொண்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில், ஏதோ தற்செயலாக ஞானோதயம் வந்தது போல, என்.சி.ஏ.ஏ. வாலன்டியர் பதவியையே எடுத்துவிட்டது. ஜூலை 1 முதல் நாலாவது கோச்சுக்கும் சம்பளம் கொடுக்கலாம். வழக்கு சும்மா போகவில்லை. பழைய தொண்டர்களுக்கு ஐந்து கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

எல்.எஸ்.யூ. 18-4 என்று ஜெயித்தது ஜூன் 26 என்றேனே, கவனித்தீர்களா? விதி மாற இன்னும் ஐந்து நாள் பாக்கி. அன்றைக்கு ஒமஹாவில் பூப்போல ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிய கும்பலில், விதிப்படி பார்த்தால், எட்டு டீமுக்கும் எட்டுத் தொண்டர் ஸ்தானம் இருந்த கடைசி ஒமஹா அது.

*

'இதிலென்ன அக்கிரமம்? அனுபவம் கிடைக்கிறதே. சின்ன வயசில் கஷ்டப்பட்டால்தானே பின்னால் வரலாம்' என்று ஒரு கட்சி உண்டு. அது முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அனுபவம் நிஜம். வித்தை நிஜம்.

நம் தேசத்துக்கே அதில் ஒரு சாட்சி உண்டு. டாம் ஹவுஸ் என்று ஒரு பிட்ச்சிங் கோச். 1974 ஏப்ரல் 8-ல் ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து உலக சாதனை செய்தாரே, வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பந்தைப் பிடித்தவர். உளவியலில் டாக்டர் பட்டம். 2008-ல் டீடோ கொடி கட்டிப் பறந்த அதே சதர்ன் கலிஃபோர்னியாவில் இருந்தார். அவரிடம் உத்தரப்பிரதேசத்திலிருந்து ரிங்கு ஸிங், தினேஷ் படேல் என்று இரண்டு ஈட்டி எறியும் பையன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். டி.வி. போட்டி ஒன்றில் ஜெயித்தவர்கள்; பேஸ்பாலைக் கையால் தொட்டதுகூட இல்லை. சில மாசத்தில் அவர்களைத் தேற்றி, அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம் ஒப்பந்தமே செய்யும்படி ஆக்கினார். அமெரிக்கப் பெரிய டீம் ஒன்றோடு கையெழுத்துப் போட்ட முதல் இந்தியர்கள் அவர்கள். இந்தக் கதை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாக வந்தது. இசை, நம்ம ஏ.ஆர். ரஹ்மான். நல்ல கோச் என்பவர் அப்படி. ஒரு வாழ்க்கையின் திசையையே திருப்பிவிடுவார். அதனால்தான் அந்த வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நீளமாக இருப்பதால்தான் சும்மா வாங்கிக்கொள்ளத் துணிகிறார்கள்.

என் முதல் வேலையில் ஆறு மாசம் 'ட்ரெய்னி'. ஸ்டைபண்ட் கிடையாது, 'கத்துக்கறீங்களே தம்பி, அதுவே பெரிசு' என்றார் முதலாளி. கற்றுக்கொண்டதும் உண்மை. மாசக் கடைசியில் பஸ் பாஸுக்கு அப்பாவிடம் கை நீட்டியதும் உண்மை. என்னோடு சேர்ந்தவன் ஒருத்தன், என்னைவிடக் கெட்டிக்காரன், இரண்டாவது மாசமே நின்றுவிட்டான். அவன் அப்பாவிடம் கொடுக்க ஒன்றுமில்லை. முதலாளி எங்களிடம் 'பார்த்தீங்களா, அவனுக்குப் பொறுமை இல்லை' என்றார். பொறுமையும் காசு கொடுத்து வாங்குகிற சமாசாரம் என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

சம்பளமில்லாத நாற்காலியில் இருக்கிற நிஜமான விஷயம் இதுதான். அதில் உட்கார்ந்தவன் ஏமாந்தான் என்பதுகூடப் பெரிதில்லை. அவனாவது ஒருநாள் பியான்கோ போல மேலே வந்துவிடலாம். உட்காரவே முடியாமல் திரும்பிப் போனவன் எத்தனை பேர்? ஹைஸ்கூல் வாத்தியாராக நின்றுவிட்ட, குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்த, இன்னொரு பெர்ட்மேன் எத்தனை பேர்? அவர்களுக்கு ரெக்கார்டு கிடையாது. கோர்ட்டிலும் நஷ்ட ஈடு கிடையாது. வந்து உழைத்தவனுக்குத்தான் கணக்கு உண்டு. வராதவனுக்கு ஏது கணக்கு?

இப்போது டீடோவின் லாரியைக் கொண்டு வாருங்கள். ஒரு டாலருக்கு நாற்பத்தைந்து சீஸன் உழைத்தது பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் லாரி நின்றால்தான் ஒரு டாலர் பெருந்தன்மை. லாரி இல்லாதவனிடம் அதே ஒரு டாலரை நீட்டினால் அதற்குப் பெயர் வேறு.

ஆகையால் இதைப் படிக்கிற இளைஞர்களுக்கு: யாராவது 'சம்பளம் இல்லை, ஆனால் நல்ல எக்ஸ்போஷர்' என்றால் உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கற்றுக்கொடுப்பீர்கள்? எத்தனை மாசம்? அதற்கப்புறம் என்ன? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். 'பார்க்கலாம் தம்பி' என்று வந்தால் நீங்களும் 'பார்க்கலாம் ஸார்' என்று எழுந்துவிடுங்கள். கயிற்றைப் பிடிக்கச் சொல்கிறவர், மலைமேல் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரு தடவை எட்டிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

சென்ற வாரம் இந்தச் சமாசாரத்தை எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ட்ரெய்னிப் பையனிடம் டீ குடிக்கும்போது விலாவாரியாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். கண் கலங்கின மாதிரிகூட இருந்தது. பிறகு, 'ஸார், அந்த நாலாவது ஆளுக்கு யூனிஃபார்மாவது கொடுத்தாங்களா?' என்றான்.

'கொடுத்தாங்கப்பா.'

'நமக்கு ஐ.டி. கார்டே இன்னும் வரலை ஸார்.'

அன்றைக்கு டீக்குக் காசு நான் கொடுத்தேன்.